வரிக்குறைப்பும் சமூகநலச் செலவும்: கல்முனைக் கரையோரத்தை உரைகல்லாகக் கொண்ட ஒரு மதிப்பீடு

இலங்கையின் பொருளாதாரக் கொள்கை பற்றிய வாதப் பிரதிவாதங்களில் கடந்த எழுபது ஆண்டுகளாக ஒரே வினா வெவ்வேறு கோலங்களில் எழுந்து வந்துள்ளது. அரசு வரியாக எடுத்துக்கொள்வதைக் குறைத்து அதனை முதலீட்டாளர் கையில் விட்டுவைத்தால் நாடு வளருமா? அன்றி, எடுத்ததை உணவாகவும் மருந்தாகவும் கல்வியாகவும் மக்களுக்குத் திருப்பித் தந்தால் வளருமா? முதற் சாரார் கம்பனி வரியைக் குறைக்குமாறு கோருகின்றனர். இரண்டாம் சாரார் சமூகநலத் திட்டங்களில் கைவைக்கலாகாது என்கின்றனர். இவ்விரு வாதங்களும் பெரும்பாலும் தலைநகரை மையமாகக் கொண்டே நிகழ்கின்றன. பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் அவை எவ்வாறு பொருள்கொள்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிரதேசத்தை உரைகல்லாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய முஸ்லிம் ஊர்களும் அவற்றோடு அடுத்தடுத்து அமைந்த பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் மேற்கே வயலையும் கிழக்கே கடலையும் நம்பி வாழ்வன. கடைத்தெருவும் கைத்தறியும் அரசாங்க உத்தியோகமும் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் உழைப்புப் பணமும் ஏனைய ஆதாரங்கள். பெருங்கம்பனிகளின் தலைமையகங்கள் இங்கு இல்லை. ஆதலின், கம்பனி வரி குறைந்தால் அதன் நன்மை மெல்லமெல்லக் கீழிறங்கிக் கடைக்கோடி மனிதனையும் சேரும் என்ற கூற்று மெய்யாயின், அது வந்து சேரவேண்டிய இறுதித் தலங்களுள் இதுவும் ஒன்றாகும். அரசின் செலவு மக்களைச் சென்றடைகின்றது என்ற மறுதரப்புக் கூற்றையும் இங்கேயே சோதித்துப் பார்க்கலாம்.

1. இரு வாதங்களின் வலிமை

வரிக்குறைப்பு வாதத்தை வெறும் முதலாளித்துவச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது ஆய்வாகாது. மூலதனம் எல்லை கடந்து செல்ல வல்லது. சிறிய நாடொன்று அயல்நாடுகளோடு போட்டியிட்டே அதனைப் பெறவேண்டியுள்ளது. வரிவீதம் மிகையாகும்போது வருமானத்தை மறைப்போர் தொகையும் மிகும். அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் லாஃபர் வரைந்த வளைகோடு கூறுவதும் இதுவே: வீதம் ஓர் எல்லையைக் கடந்தால் வரி வருமானம் கூடாது, குறையும். இது தர்க்கரீதியாக மறுக்கவியலாதது. ஆயின் அவ்வெல்லை எங்குள்ளது என்பதை வளைகோடு கூறுவதில்லை. அதனை ஒவ்வொரு நாட்டின் அனுபவத்திலேதான் காணவேண்டும். 12.5 சதவீதக் கம்பனி வரியால் அயர்லாந்து பயனடைந்தது என்பர். ஐரோப்பியச் சந்தையும் கற்ற தொழிலாளர் படையும் அந்நாட்டுக்கு வாய்த்திருந்தன என்பதைச் சேர்த்துச் சொல்வோர் சிலரே. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் 2012இல் பெருமளவு வரிகளைக் குறைத்தது. எதிர்பார்த்த வளர்ச்சி வராமையால் 2017இல் அச்சட்டமன்றமே அக்குறைப்புக்களின் பெரும்பகுதியை நீக்கியது.

மறுதரப்பின் மிகச் சிறந்த சான்று இலங்கையே. 1981இல் அமர்த்தியா சென் எழுதிய ஆய்வொன்று, தலா வருமானம் குறைந்த நாடாயிருந்தும் ஆயுள் எதிர்பார்ப்பிலும் எழுத்தறிவிலும் இலங்கை எய்திய உயர்வை அரசின் சமூகநலச் செலவோடு தொடர்புபடுத்தியது. 1986இல் சுர்ஜித் பல்லாவும் போல் குளூவியும் இதனை மறுத்தனர். 1960ஆம் ஆண்டின் பின்னரான முன்னேற்றத்தை மட்டும் அளந்தால் இலங்கை ஏனைய நாடுகளை விஞ்சி நிற்கவில்லை என்பது அவர்களது வாதம். இவ்விவாதம் இன்றும் கற்கத்தக்கது. பல்லாவின் மறுப்பு ஒரு வகையில் சென்னின் கருத்துக்கே துணை செய்கின்றது. 1960க்கு முன்னரே இலங்கை முன்னணியில் நின்றதாயின், அதற்குக் காரணம் 1940களில் இடப்பட்ட அடித்தளமன்றோ? 1942இல் தொடங்கிய உணவுப் பங்கீடு, 1945இல் கன்னங்கரா முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, மலேரியா ஒழிப்பு, கிராமந்தோறும் விரிந்த சுகாதார சேவை ஆகியவற்றுக்கு வரி செலுத்தியது ஒரு தலைமுறை. பலனை நுகர்ந்தது அடுத்த தலைமுறை. சமூகநலச் செலவின் விளைவு ஒரு தேர்தற் காலத்துள் கனிவதன்று. அதனை ஐந்தாண்டுக் கணக்கில் அளந்து வீண்செலவென்று தீர்ப்பளிப்பது அளவுகோலின் பிழையாகும்.

2. கூப்பன் அரிசியிலிருந்து உணவு முத்திரை வரை

சமூகநலச் செலவுக் குறைப்பின் அரசியல் விலையை இலங்கை 1953இல் கண்டது. கொரிய யுத்தக் காலச் செழிப்பு மறைந்து திறைசேரி தளர்ந்த வேளை, கொத்து 25 சதமாயிருந்த பங்கீட்டு அரிசி 70 சதமாக உயர்த்தப்பட்டது. மாணவரின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நடந்த ஹர்த்தாலைத் தொடர்ந்து பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டே பதவி துறந்தார். அதன்பின் கால் நூற்றாண்டு வரை எந்த அரசாங்கமும் அரிசி மானியத்தை முற்றாக அகற்றத் துணியவில்லை.

1977இல் வந்த அரசாங்கம் அதனை வேறு வழியில் செய்தது. 1978இல் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டுக் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் அந்நியக் கம்பனிகளுக்கு நீண்ட வரி விடுமுறை வழங்கப்பட்டது. அதே ஆண்டில் பங்கீட்டு அரிசி மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் உணவு முத்திரை அதனிடத்தைப் பிடித்தது. வரி விடுமுறையும் மானிய வெட்டும் ஒரே கொள்கையின் இரு கைகளாகச் செயற்பட்டமை ஈண்டு அவதானிக்கத்தக்கது.

உணவு முத்திரை ஒழிக்கப்படவில்லை, தேய்ந்துபோக விடப்பட்டது. கூப்பன் அரிசி பொருளாகக் கிடைத்தது. விலை ஏறினும் கொத்து கொத்தாகவே இருந்தது. முத்திரையோ ரூபாவில் எழுதப்பட்டது. திறந்த பொருளாதாரத்தின் பணவீக்கம் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் மெய்ப்பெறுமதியை ஏறத்தாழ அரைவாசியாக்கிற்று. 1970களின் நடுப்பகுதியில் தேசிய வருமானத்தில் 5 சதவீதமளவில் இருந்த உணவு மானியச் செலவு 1980களின் நடுப்பகுதியில் ஒன்றரைச் சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அக்காலத்தில் மிக வறியோரின் கலோரி நுகர்வு குறைந்ததென ஆய்வுகள் காட்டின. எந்தச் சந்தியிலும் ஹர்த்தால் நடைபெறவில்லை. 1953இல் வெளிப்படையாகச் செய்ய இயலாததைப் பணவீக்கம் ஓசையின்றிச் செய்துமுடித்தது.

மருதமுனையின் கைத்தறியாளர் இக்கொள்கையின் மறுபக்கத்தைக் கண்டனர். இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் வளர்ந்த அவர்களது சாரமும் சேலையும் 1977இன் பின்னர் வந்திறங்கிய மலிவுத் துணிகளோடு போட்டியிட வேண்டியதாயிற்று. கட்டுநாயக்கவில் ஆடை தைக்க வந்த கம்பனிக்கு வரி விடுமுறை கிடைத்தது. மருதமுனையில் துணி நெய்தவனுக்கு அத்தகைய சலுகை எதுவும் இல்லை. வரிச்சலுகை முதலீட்டை ஊக்குவிக்கின்றது என்று பொதுப்படக் கூறுவோர், எவருடைய முதலீட்டை என்ற வினாவையும் எதிர்கொள்ளல் வேண்டும்.

3. 2019ஆம் ஆண்டின் பரிசோதனை

வரிக்குறைப்பு வாதம் இலங்கையில் முழு அளவில் பரீட்சிக்கப்பட்டது 2019இன் இறுதியிலாகும். பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கப்பட்டது. தேசக் கட்டுமான வரி நீக்கப்பட்டது. கம்பனிகளுக்கான பொது வீதம் 28இலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தது. தனியார் வருமானத்தில் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை வரியில்லை என்றாயிற்று. ஏப்பிரில் மாதக் குண்டுத் தாக்குதல்களால் தளர்ந்த பொருளாதாரத்தை எழுப்புவதே இதன் நோக்கமென்று கூறப்பட்டது.

2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 12 சதவீதமளவில் இருந்த அரச வருமானம் 2021இல் 9 சதவீதத்துக்கும் கீழே சென்றது. இவ்வீழ்ச்சி முழுவதையும் வரிக்குறைப்பின் தலையில் சுமத்துதல் நியாயமன்று, கொள்ளைநோயும் பங்குகொண்டது. எனினும் நோய் வருமுன்னரே, 2019 டிசம்பரிலேயே, ஃபிட்ச் நிறுவனம் இலங்கையின் கடன் தரநோக்கை எதிர்மறையாக்கியமைக்கு வரிக்குறைப்பைக் காரணங் காட்டியது. தரம் இறங்கியதும் சர்வதேசக் கடன் சந்தை மூடிக்கொண்டது. பழைய கடனுக்குக் கையிருப்பு டொலர் கரைந்தது. 2022 ஏப்பிரில் 12ஆந் திகதி அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. பொருளாதாரத்தை நிருவகித்தோர் பொது நம்பிக்கையை மீறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தபோது இவ்வரிக்குறைப்பும் அதன் ஆய்வுக்குட்பட்டது.

இக்கரையோரத்தில் அது எவ்வாறு உணரப்பட்டது? மாதம் இரண்டரை இலட்சம் ரூபா வரை வரியில்லை என்பது கூலி விவசாயிக்கோ கரைவலைத் தொழிலாளிக்கோ யாதொரு பயனும் தரவில்லை. அவர்கள் முன்னரும் வருமான வரி செலுத்தியவர் அல்லர். பொருள்களின் மீதான வரி குறைந்தால் விலை குறையும் என்ற நம்பிக்கைக்குச் சீனி நல்ல பாடம். 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாவாயிருந்த சீனி இறக்குமதித் தீர்வை 25 சதமாக்கப்பட்டது. கடைவிலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசு விட்டுக்கொடுத்த பணம் தேநீர்க் கோப்பையை வந்தடையும் முன்னரே இடைநின்றுவிட்டது.

நன்மை வரும் வழியில் நின்றுவிட்டது. தீமையோ தங்குதடையின்றி வந்து சேர்ந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை என்று பெயரிடப்பட்டபோதிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதன் பின்னணியில் இருந்ததென்பர் பலர். நவம்பரில் தடை நீங்கினும் அவ்வாண்டின் பெரும்போகம் தப்பவில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளில் போடியாரின் இழப்பைப் போடியார் தாங்கலாம். குத்தகைக்குச் செய்தவனும் கூலிக்கு வெட்டியவனும் தாங்குவது எங்ஙனம்? 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. நட்டத்தில் விற்கப்பட்ட எண்ணெய் என்பது உண்மையே. ஆயினும் பல்லாண்டு நிலைத்த மானியத்தை ஓரிரவில் அகற்றியபோது வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பல கரையிலேயே கிடக்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதமளவை எட்டியது. 2021இல் 13 சதவீதமாயிருந்த வறுமை 2022இல் 25 சதவீதமாயிற்று என உலக வங்கி மதிப்பிட்டது.

பின்னர் வரிகள் மீண்டும் ஏறின. 2022இல் கம்பனி வரி 30 சதவீதமாயிற்று. பெறுமதி சேர் வரி படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரியில் 18 சதவீதத்தை எட்டியது. இரு சாராருக்கும் சமமாகவே சுமை ஏறியது என்று கூறலாம். வீதங்களை மட்டும் நோக்கின் அது பொய்யுமன்று. ஆயின் கம்பனி வரி இலாபத்தின் மீது விழுவது, இலாபமில்லையேல் வரியில்லை. பெறுமதி சேர் வரிக்கு அத்தகைய இரக்கம் கிடையாது. உழைத்ததையெல்லாம் செலவழித்து வாழ்பவன் தன் வருமானத்தின் பெரும்பங்குக்கு அதனைச் செலுத்துகின்றான். மேலும், 30 சதவீதம் என்பது வரி விடுமுறை பெற்ற நிறுவனங்களைத் தீண்டாது. 1978இல் தொடங்கிய அம்மரபு, 40 ஆண்டுகள் வரை சலுகை வழங்க இடமளிக்கும் 2021ஆம் ஆண்டுக் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் வரை நீண்டு வந்துள்ளது. இவ்வாறான சலுகைகளால் திறைசேரி இழப்பதும் ஒருவகைச் செலவே. வரவு செலவுத் திட்ட விவாதங்களில் சமுர்த்தி அல்லது அஸ்வெசும பற்றிக் கேட்கப்படும் அளவுக்கு இச்செலவைப் பற்றிக் கேட்கப்படுவதில்லை.

4. செலவெல்லாம் நலமாகுமா?

இதுகாறும் கூறியவற்றால் அரசின் செலவெல்லாம் நற்செலவே என்று முடிவுகட்டுதல் தவறாகும். ஒலுவில் என்ற ஒரே கிராமத்தில் அரச செலவின் இரு முகங்களையும் காணலாம். 1995இல் தொடங்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கு அமைந்துள்ளது. யுத்த காலத்தில் கல்வி தடைப்பட்ட மாணவருக்கெனத் தொடங்கிய அது இன்று பல பீடங்களோடு வளர்ந்து நிற்கின்றது. அதற்கு அண்மையிலேயே, டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகம் உள்ளது. வணிகக் கப்பல்களை அது ஈர்க்கவில்லை. நுழைவாயிலை மணல் மூடியமையால் மீன்பிடிப் படகுகளும் இடருற்றன. அலைத்தடுப்புச் சுவர் மணலின் இயல்பான ஓட்டத்தை மறிக்க, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையையும் தென்னந்தோப்புக்களையும் அரித்தது. கடன் மட்டும் அரித்துப்போகவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இம்மாவட்டத்திலேயே உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் தொடர்பான குடியேற்றப் பிரச்சினைகளும் அவற்றால் கரையோர மக்களிடையே எழுந்த மனக்குறைகளும் தனியே ஆராயத்தக்கன. இங்குக் கருதப்படுவது 1980களின் முற்பகுதியில் அதன் இடதுகரை வாய்க்கால்களில் நடந்த புனரமைப்பாகும். சீர்கெட்ட வாய்க்கால்களைத் திருத்துவதோடு அமையாது, விவசாயிகளை வாய்க்கால்தோறும் குழுக்களாக்கி, நீரைப் பங்கிடும் பொறுப்பு அவர்களிடமே விடப்பட்டது. மேல்வாய்க்காலார் தம் பங்கைச் சுருக்கிக் கடைவாய்க்காலுக்கு நீர் விட்டனர். நீர் முகாமைத்துவம் பற்றிய உலக ஆய்வுகளில் இவ்வனுபவம் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. துறைமுகத்தில் ஊரவர் பார்வையாளராயினர். வாய்க்காலில் அவர்கள் பங்காளராயினர். அரச செலவின் தரத்தை அதன் தொகை தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவ்விரண்டுமே போதிய சான்று.

5. ஸகாத்தும் வரியும்

இவ்வூர் மக்களுக்கு வரி என்ற கருத்து புதியதன்று. ஸகாத் கடமையில் விளைச்சலுக்குரிய பங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கொண்டுள்ளது. மழையால் விளைந்த தானியத்துக்குப் பத்தில் ஒன்று. செலவிட்டு நீர் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. குறித்த அளவுக்குக் குறைந்த விளைச்சலுக்குக் கடமையே இல்லை. உழைப்பும் செலவும் மிகுந்த வருவாய்க்குக் குறைந்த வீதம், தானாக வந்த வருவாய்க்குக் கூடிய வீதம் என்பதே இதன் உட்பொருள்.

ஸகாத் அரசின் வரிக்கு ஈடாகும் என்று கூறுவதற்கில்லை. அதனால் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையை நடத்தவோ அணையொன்றைக் கட்டவோ இயலாது. அது ஒரு சமூகத்தின் கடமை. அரசின் கடமை எல்லாச் சமூகங்களுக்கும் உரியது. ஆயின் அதன் தத்துவம் கம்பனி வரி விவாதத்துக்குப் பெரிதும் பொருந்தும். தறி நிறுவி நூறு பேருக்கு வேலை தந்து பெற்ற இலாபமும், இறக்குமதி அனுமதிப்பத்திரத்தாலோ அரசு அமைத்த வீதியருகே காணியின் விலை ஏறியதாலோ கிடைத்த இலாபமும் ஒன்றல்ல. முன்னையது பாய்ச்சி விளைந்தது. பின்னையது மழையில் விளைந்தது. இவ்வேறுபாட்டைக் கருதாது எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே வீதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உழைப்பவனைத் தண்டித்து வாய்ப்பாளனைப் போற்றுவதாகவே முடியும். வரிக்குறைப்பை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே தவறவிட்ட இடம் இதுவெனலாம்.

6. தேய்வுக்கு விடலாகாது

சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஏற்பாடு 2023 மார்ச்சில் அங்கீகாரம் பெற்றதையடுத்து, அவ்வாண்டு ஜூலை தொடக்கம் சமுர்த்தி உதவியின் இடத்தில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. குடும்பங்கள் 22 சுட்டிகளால் அளக்கப்பட்டு, மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு பிரிவுகளாக உதவி பெற்றன. கட்சிப் பட்டியலில் பெயரிருப்போருக்கு உதவி என்ற பழைய நிலையினின்றும் இது ஒரு முன்னேற்றமே. எனினும் முதற் பட்டியல் வெளியானபோது நாடெங்கும் பெருந்தொகையான மேன்முறையீடுகள் குவிந்தன. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் பிறர் உதவியால் கட்டப்பட்ட கல்வீட்டில் வாழ்பவன், வீடு கல்லாயிருப்பதனாலேயே வறியவனல்லன் ஆகிவிடமாட்டான். வீட்டைச் சுட்டி அளக்கலாம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவ்வீட்டு அடுப்பின் நிலையை அளப்பது அரிது.

அதனினும் பெரிய ஆபத்து 1979இன் ஆபத்தேயாகும். ரூபாவில் எழுதப்பட்ட உதவி, விலையோடு சேர்த்துக் கட்டப்படாதவிடத்துத் தேயும். 2025இல் வறியோர், மிக வறியோர் ஆகிய பிரிவுகளுக்கான தொகை உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயின் அவ்வுயர்வு அரசாங்கமொன்றின் விருப்பாக வந்ததேயன்றி உரிமையாக வரவில்லை. விருப்பால் வந்தது விருப்பின்மையால் நின்றுபோகலாம்.

எனவே, வரியைக் குறைப்பதா செலவைக் கூட்டுவதா என்ற வினா தன்னளவில் குறையுடையது. எந்த வரி, எவருடைய இலாபம், எத்துணை ஆண்டு, இழப்பு எவ்வளவு என்று கேட்கப்படாத வரிச்சலுகை சீனித் தீர்வையின் கதியையே அடையும். பயன்படுத்துவோரைக் கேளாத செலவு ஒலுவில் துறைமுகமாக மணலில் புதையும். விலைவாசியோடு இணைக்கப்படாத உதவி உணவு முத்திரையாகத் தேயும். சலுகைகளின் பட்டியலையும் அவற்றால் இழந்த தொகையையும் ஆண்டுதோறும் வெளியிடுதலும், நிவாரணத் தொகையை விலைச் சுட்டெண்ணோடு சட்டத்தால் பிணைத்தலும் புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. எந்தப் பொருளாதார முகாமைச் சேர்ந்தவரும் மறுக்கவியலாத குறைந்தபட்சக் கோரிக்கைகள். அவற்றைக் கூட நிறைவேற்றாத நிலையில் வளர்ச்சியின் பெயரால் இன்னொரு வரிக்குறைப்பு முன்வைக்கப்படுமாயின், அதன் கணக்கு 2022இல் தீர்க்கப்பட்டவாறே மீண்டும் வயலிலும் கடலிலும் தீர்க்கப்படும் என்பதை மறத்தலாகாது.